நிற்பது கனமாக, நகர்வது இலேசாக: சொந்தமாகக் கட்டிய பிளாஸ்மா மேசையைச் செம்மைப்படுத்தும் வழிகள்

திருவனந்தபுரத்திற்கு ஆண்டுதோறும் இரண்டு மழைக்காலங்கள். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அது ஓய்ந்து நிமிர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. கான்கிரீட் மொட்டைமாடிக்கு மேல் இன்னுமோர் இரும்புச் சட்டக்கூரை அமைக்கும் வழக்கம் இந்நகரில் பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். ‘ட்ரஸ் வேலை’ என்று பட்டறைகளில் வழங்கும் இப்பணிக்குத் தூண்களின் அடித்தகடுகளும் மூலை இணைப்புத் தகடுகளும் ஏராளமாகத் தேவைப்படுகின்றன. வெளிக்கதவுகளுக்குப் பூவேலைத் தகடுகளும் வேண்டியிருக்கின்றன. முன்பு கேஸ் கட்டரும் கிரைண்டரும் செய்த இவ்வேலையை இன்று கணினி வழி இயங்கும் சி.என்.சி. பிளாஸ்மா மேசை செய்கிறது.

ஆயத்த மேசையின் விலை சிறு பட்டறைக்கு எட்டாதபோது, இரும்புக் குழாய்களையும் மோட்டார்களையும் தனித்தனியே வாங்கித் தாமே மேசை கட்டிக்கொள்ளும் தொழில்முனைவோர் உண்டு. அவ்வாறு கட்டிய மேசை ஓடத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் எழுகிறது. வட்டமாக வெட்டச் சொன்ன துளை முட்டை வடிவில் வருகிறது. மூலைகளில் கோடு அலைகிறது. இரண்டு மீட்டர் நீளக் கதவுத் தகடு கீலில் பொருந்த மறுக்கிறது. ‘இன்னும் அதிக ஆம்பியர் கொண்ட பிளாஸ்மா கருவி வாங்கினால் சரியாகிவிடும்’ என்று எண்ணி வங்கியின் வாயிலுக்கு வருவது எளிது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் குறை மின்வில்லில் இருப்பதில்லை. அதைச் சுமந்து செல்லும் சட்டத்தில்தான் இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன் அக்குறையைக் கண்டறிவது எவ்வாறு, குறைந்த செலவில் அதை நீக்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தொடாமல் வெட்டும் கருவிக்கு விறைப்பு எதற்கு?

அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் 1957ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மின்வில் டார்ச்சே இன்றைய பிளாஸ்மா வெட்டலுக்கு அடிப்படை. மின்வில்லை ஒரு சிறு துவாரத்தின் வழியே நெருக்கிச் செலுத்தும்போது அழுத்தக் காற்று மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாக மாறுகிறது. 20,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடிய அந்தத் தாரை இரும்பை உருக்குகிறது. உருகியதைக் காற்றின் வேகம் கீழே ஊதித் தள்ளுகிறது. டார்ச்சின் முனை இரும்பைத் தொடுவதே இல்லை.

மில்லிங் இயந்திரத்தில் வெட்டுளி இரும்பை அழுத்துகிறது. இரும்பும் திருப்பி அழுத்துகிறது. அதனால் அங்கே விறைப்பின் தேவை கண்கூடு. பிளாஸ்மாவில் அத்தகைய எதிர்விசை இல்லை. ‘அப்படியானால் இலேசான சட்டமே போதுமே’ என்று தோன்றுவது இயல்பு. பலரும் தவறு செய்யும் இடம் இதுதான்.

இங்கே சட்டத்தை ஆட்டுவது இரும்பன்று; நகரும் பாகத்தின் சொந்த எடையே. மெல்லிய தகட்டை நிமிடத்திற்கு 3 மீட்டர், அதாவது நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டுவதாகக் கொள்வோம். 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை அதே வேகத்தில் கடக்க, நொடிக்கு நொடி 500 மில்லிமீட்டர் வீதம் முடுக்கம் தேவை. மேசையால் 200 மட்டுமே தாங்க முடியுமென்றால், வளைவில் வேகம் நிமிடத்திற்கு 1,900 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தாக வேண்டும். வேகம் குறைந்த இடத்தில் மின்வில் கூடுதல் நேரம் நின்று எரிக்கிறது; வெட்டின் அகலம் பெருகுகிறது; அடியில் கசடு ஒட்டுகிறது. வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினாலோ சட்டம் அதிர்ந்து, கோட்டில் அலைகள் விழுகின்றன.

ஆகவே விதி எளிது. நிற்கும் பாகம் கனமாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். நகரும் பாகம் இலேசாகவும் முறுகாமலும் இருக்க வேண்டும். இனி வரும் திருத்தங்கள் அனைத்தும் இவ்விதியின் விரிவே.

நிற்கும் பாகம்: சட்டமும் தண்டவாளமும்

வெல்டிங் செய்த சட்டம் குளிரும்போது இழுத்துக்கொள்ளும். வெல்டிங்கிற்கு முன் நேராக இருந்த குழாய், பிறகு நேராக இருப்பதில்லை. எனவே நகர்வுத் தண்டவாளத்தைச் சட்டத்தின் மீது நேரடியாக முடுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு அடித் தொலைவிலும் உயர்த்தவும் தாழ்த்தவும் இடமளிக்கும் போல்ட்டுகளை அமைத்து, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் பொருத்தினால், சட்டத்தின் கோணல் தண்டவாளத்திற்கு ஏறாது.

நேர்மையைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய், நான்கு மூலைகளின் உயரத்தையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் ஒப்பிட்டுக் காட்டும். தண்டவாளத்தின் பக்கவாட்டு நேர்மைக்கு ஒரு மெல்லிய தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, அதற்கும் தண்டவாளத்திற்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பல இடங்களில் அளக்கலாம். நரம்பு கீழ்நோக்கித் தொய்யலாம்; பக்கவாட்டில் தொய்யாது. ஒரு தண்டவாளத்தை முதலில் நேராக்கிவிட்டு, மற்றொன்றை அதற்கு இணையாக வைப்பதே முறை. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முயன்றால் வேலை முடியாது.

புகையையும் கசடையும் அடக்கத் தகட்டின் கீழே நீர்த்தொட்டி வைப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. 1.2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிரப்பினால், அதன் எடை 288 கிலோகிராம். வெறும் தொட்டியோடு மட்டம் பார்த்த சட்டம், நீர் நிறைந்ததும் தாழ்ந்துவிடும். தொட்டியும் தகட்டைத் தாங்கும் பட்டைகளும் தனிக் கால்களில் நிற்பது நல்லது. அது இயலாதபோது, நீரை நிரப்பிய பிறகே தண்டவாளத்தை மட்டம் பார்க்க வேண்டும்.

நகரும் பாகம்: கேன்ட்ரி

இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே பாலம்போல் நின்று டார்ச்சைச் சுமக்கும் பாகமே கேன்ட்ரி. இரும்புத் தகடு பெரும்பாலும் எட்டடிக்கு நான்கடி என்ற அளவில் விற்கப்படுகிறது. கேன்ட்ரி நான்கடிப் பக்கத்தின் குறுக்கே அமைய வேண்டும். எட்டடிப் பக்கத்தின் குறுக்கே அமையக் கூடாது. நீளம் இரட்டித்தால், நடுவில் வைத்த அதே சுமைக்கு உத்தரம் எட்டு மடங்கு வளையும் என்பதே இதற்குக் காரணம்.

1.5 மீட்டர் நீளமுள்ள 50க்கு 50 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், சுவர்க்கனம் 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நடுவில் 10 கிலோகிராம் எடையுள்ள டார்ச் வண்டி நின்றால், அச்சுமையால் மட்டும் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் தாழும். அதே சுவர்க்கனத்தில் 100க்கு 50 மில்லிமீட்டர் குழாயை நெட்டாக நிறுத்தினால், தாழ்வு 0.03 மில்லிமீட்டர். எடை ஒன்றரை மடங்கே கூடுகிறது; விறைப்போ ஐந்து மடங்குக்கு மேல் உயர்கிறது.

ஆனால் இந்தத் தாழ்வு உண்மையில் நம் முதற்பகை அன்று. டார்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையே பொதுவாக 1.5 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறோம்; அந்த உயரத்தைத் தானியங்கிக் கட்டுப்பாடும் பார்த்துக்கொள்கிறது. கெடுதல் செய்வது முறுக்கமே. டார்ச் கேன்ட்ரியின் முன்புறம், அதற்குக் கீழே தொங்குகிறது. ஒவ்வொரு திசைமாற்றத்திலும் அது கேன்ட்ரியைத் துணி பிழிவதுபோல் முறுக்குகிறது. கேன்ட்ரியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு முறுக்கு, டார்ச் முனையில் ஒரு மில்லிமீட்டர் பிசகாக வெளிப்படும்.

முறுக்கத்தைத் தாங்குவதில் மூடிய குழாய்க்கு நிகர் எதுவுமில்லை. மேற்சொன்ன சதுரக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகப் பிளந்துவிட்டால், அதன் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 180இல் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. சேனல், ஆங்கிள் போன்ற திறந்த வடிவங்கள் அத்தகைய பிளந்த குழாய்களே. கேன்ட்ரியை சேனலால் கட்டியிருப்பவர்கள் அதைச் சதுர அல்லது செவ்வகக் குழாயாக மாற்றுவதே அவர்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய திருத்தம். டார்ச்சைக் கேன்ட்ரிக்கு நெருக்கமாகவும், தொங்கும் நீளத்தைக் குறைத்தும் பொருத்துவது அடுத்தது. கேன்ட்ரியின் இருபுறக் கால்தகடுகளில், ஒரு பக்கத்தின் சக்கரங்களுக்கிடையே உள்ள தொலைவு கூடக்கூட, அது கோணலாகத் திரும்பும் வாய்ப்பு குறையும்.

இயக்கும் பாகம்: மோட்டாரும் பல்சட்டமும்

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. மாட்யூல் 1 அளவில் 20 பற்கள் கொண்ட பினியன் ஒரு சுற்றுக்குப் பல்சட்டத்தில் 62.8 மில்லிமீட்டர் நகரும். மோட்டாரில் பினியனை நேரடியாக மாட்டினால், ஒரு முழுப்படிக்கு 0.31 மில்லிமீட்டர் நகர்வு. மைக்ரோஸ்டெப் முறை அதை நுணுக்கமாகப் பிரித்தாலும், இடைப்பட்ட நிலைகளில் மோட்டாரின் பிடி உறுதியானதன்று. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பற்பெல்ட் அமைத்தால், ஒரு முழுப்படி 0.1 மில்லிமீட்டராகக் குறையும். மோட்டார் உணரும் நிலைமச்சுமை ஒன்பதில் ஒரு பங்காகும். சிறு செலவில் பெரும்பயன் தரும் திருத்தங்களில் இது முதன்மையானது.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள தளர்வைப் பட்டறைகளில் ‘பிளே’ என்கிறோம். மோட்டாரை ஒரு கீல் தகட்டில் மாட்டி, ஸ்பிரிங்கால் பினியனைப் பல்சட்டத்தோடு அழுத்தி வைத்தால் பிளே பெரும்பாலும் மறையும். கேன்ட்ரியின் இரு பக்கமும் தனித்தனி மோட்டார் இருந்தால், இரு பக்கத்திற்கும் தனித்தனித் தொடக்கநிலை சுவிட்ச் இருப்பது அவசியம். அப்போதுதான் ஒவ்வொரு நாளும் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது கேன்ட்ரி தன்னைத்தானே செங்கோணத்திற்குக் கொண்டுவரும்.

பேனா சொல்லும் உண்மை

இத்திருத்தங்களில் எது தம் மேசைக்குத் தேவை என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. டார்ச்சைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு பேனாவை இறுக்கிக் கட்டுங்கள். தகட்டின் மீது தாளை ஒட்டி, இயந்திரத்தை வரையச் சொல்லுங்கள். பேனா வரைந்ததில் பிழை இருந்தால், அது சட்டத்தின் அல்லது இயக்கத்தின் பிழை. பேனா சரியாக வரைந்து டார்ச் பிழையாக வெட்டினால், குறை டார்ச்சிலோ காற்றிலோ உயரத்திலோ இருக்கிறது. பணத்தை எங்கே செலவிடுவது என்பதை ஒரு தாளும் பேனாவும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

முதலில் 900க்கு 1,200 மில்லிமீட்டர் செவ்வகம் ஒன்றை வரைந்து, இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 1,500 மில்லிமீட்டர் இருந்தால் கேன்ட்ரி செங்கோணத்தில் உள்ளது. அவற்றிடையே 3 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால், மேசை மீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சாய்ந்து வெட்டுகிறது என்று பொருள். 20 சென்டிமீட்டர் அடித்தகட்டில் இது 0.4 மில்லிமீட்டர், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு மீட்டர் கதவுத் தகட்டிலோ 4 மில்லிமீட்டர்; கீல் பொருந்தாது. தம் வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால், வேண்டாத செலவு தவிரும்.

அடுத்து 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு முனைகளிலும் சிறு படி தெரிந்தால் பிளே உள்ளது. வட்டம் நேராக நீண்டோ அகன்றோ இருந்தால், மென்பொருளில் கொடுத்த படிக்கணக்கு தவறு. வட்டம் சாய்வாக முட்டை வடிவம் கொண்டால் செங்கோணம் பிசகியுள்ளது. சதுரத்தின் மூலையைத் தாண்டியதும் கோடு அலைந்தால், சட்டம் அதிர்கிறது அல்லது முடுக்க அளவு மிகையாக வைக்கப்பட்டுள்ளது. அரைமணி நேரம் ஓடிய பின் பேனா தொடக்கப் புள்ளிக்குத் திரும்பாவிட்டால், மோட்டார் படிகளைத் தவறவிடுகிறது.

டார்ச்சும் கடற்காற்றும்

பேனாச் சோதனையில் மேசை தேறிய பின்பே டார்ச்சைப் பார்க்க வேண்டும். கடலோர நகரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்திற்கு 200 லிட்டர் காற்றை இழுக்கும் பிளாஸ்மா கருவிக்காகக் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் உள்வாங்கும் நீர், கால் லிட்டருக்கும் அதிகம். அதில் ஒரு பகுதி டார்ச்சை எட்டினாலும் நாசிலும் எலெக்ட்ரோடும் விரைவில் அரிக்கப்படும்; வெட்டு ஒரு பக்கமாகச் சாயும். கம்ப்ரசர் தொட்டியை நாள்தோறும் வடித்துவிடுவதும், காற்று உலர்த்தியும் வடிகட்டியும் பொருத்துவதும் மழைக்காலத்தில் பெரும் வேறுபாட்டைக் காட்டும். பல்சட்டமும் தண்டவாளமும் உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க, துடைத்து மெல்லிய எண்ணெய்ப்பூச்சு இடுவதும் தேவை.

வெட்டு விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால், டார்ச்சைப் பிடியில் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் வெட்டிப் பாருங்கள். சாய்வும் உடன் திரும்பினால் நாசில் தேய்ந்துள்ளது. சாய்வு அதே இடத்தில் நின்றால் டார்ச் செங்குத்தாக இல்லை. எல்லாப் பக்கமும் ஒரேபோல் மேல்புறம் குறுகி அடிப்புறம் அகன்றிருந்தால் டார்ச் உயரமாக உள்ளது.

பிளாஸ்மா தாரை சுழன்றுகொண்டே இறங்குவதால், செல்லும் திசையின் வலப்பக்க விளிம்பே பொதுவாகச் செங்குத்தாக அமையும். எனவே வெளி எல்லையைக் கடிகாரத் திசையிலும், துளைகளை எதிர்த்திசையிலும் வெட்ட வேண்டும். துளைகளை முதலிலும் வெளி எல்லையைக் கடைசியிலும் வெட்டினால், விடுபட்ட துண்டு நகர்ந்து துளை பிசகுவதைத் தவிர்க்கலாம். மூலைகளில் வேகம் குறையும்போது மின்வில்லின் அழுத்தம் மாறி, உயரக் கட்டுப்பாடு டார்ச்சைத் தகட்டில் இறக்கிவிடக்கூடும். அவ்விடங்களில் அக்கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பில் ஒரு சொல். நீர்த்தொட்டியின் மேல் அலுமினியம் வெட்டுவது ஆபத்தானது. உருகிய அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அது தகட்டின் அடியில் தேங்கி வெடிக்கக்கூடும். துத்தநாகம் பூசிய தகடுகளின் புகை காய்ச்சலை உண்டாக்கும். காற்றோட்டம் இன்றி வெட்டலாகாது. சட்டத்திற்கு முறையான எர்த் இணைப்பும், கண்களுக்கு உரிய நிறக்கண்ணாடியும் கட்டாயம்.

எதற்கு முதலில் செலவிடுவது?

எடுத்துக்காட்டாக, புதிய பிளாஸ்மா கருவிக்காக 3 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு ஆண்டு வட்டியில், மூன்று ஆண்டுக் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 9,822 ரூபாய். மூன்று ஆண்டுகளில் வட்டி மட்டும் ஐம்பத்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். தளர்ந்த மேசையின் மீது அக்கருவி அமர்ந்தால், வெட்டும் பிழை அப்படியே இருக்கும்; தவணை மட்டும் கூடியிருக்கும். கூடுதல் ஆம்பியர் கனத்த தகட்டை வெட்ட உதவுமே தவிர, கோணலை நேராக்காது.

ஆகவே வரிசை இவ்வாறு அமையட்டும்: முதலில் பேனாச் சோதனை, பிறகு தண்டவாளமும் செங்கோணமும், அடுத்து பிளே நீக்கமும் பெல்ட் அமைப்பும், தேவையெனில் புதிய கேன்ட்ரி, பின் காற்று உலர்த்தி, கடைசியாகவே பெரிய பிளாஸ்மா கருவி. முதல் சில திருத்தங்கள் பெரும்பாலும் உழைப்பையும் பொறுமையையுமே கேட்கின்றன.

இவற்றைக் கடந்தும் முதலீடு தேவைப்பட்டால் வழிகள் உள்ளன. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகளில் பிணையின்றிக் கடன் வழங்கப்படுகிறது. தருண் கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை வழங்கும் தருண் பிளஸ் பிரிவு 2024ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

சொந்தமாகக் கட்டிய இயந்திரத்திற்கு ஒரே விற்பனைச் சீட்டு இருக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குழாய், மோட்டார், தண்டவாளம், பிளாஸ்மா கருவி ஆகிய ஒவ்வொன்றின் பற்றுச்சீட்டையும் விலைப்புள்ளியையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்னாளில் கடனுக்கோ காப்பீட்டிற்கோ இயந்திரத்தின் மதிப்பைக் காட்ட அவையே சான்று. அக்கோப்பிலேயே பேனா வரைந்த தாள்களையும் தேதியிட்டு வைத்தால் நல்லது. திருத்தத்திற்கு முன்னும் பின்னும் மூலைவிட்டங்களின் அளவு என்ன என்பதை அத்தாள்கள் காட்டும். அடுத்த முறை வெட்டு பிசகும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதையும் அவையே சொல்லும்.